கால் வைக்காத கரை

பாதையின் முன்பலகை அக்கரைச் சேற்றில் விழும்போது எழும் சத்தத்தை என்னால் இப்போதும் கேட்க முடியும். வாவியைக் கடக்கும் மிதவையைப் 'பாதை' என்றுதான் எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். பெரிய வள்ளங்கள் இரண்டைச் சேர்த்து மேலே பலகை அடித்திருக்கும். கரைக்குக் கரை கட்டிய இரும்புக் கம்பியைப் பிடித்து ஆட்கள் இழுத்துப் போவார்கள். பலகை விழுந்ததும் சைக்கிள்காரர்கள் முதலில் இறங்குவார்கள், பிறகு சந்தைக்குப் போய்த் திரும்பும் பெண்கள், கடைசியாக உழவு மெசின் ஒன்று புகை விட்டுக்கொண்டு இறங்கும். அம்மா மட்டும் இறங்கமாட்டார். ஓரத்து வாங்குப் பலகையில் மடியில் கூடையை வைத்துக்கொண்டு கரையைப் பார்த்தபடி இருப்பார். அங்கே மருதமரத்தடியில் சின்னப்பாவின் சைக்கிளுக்குப் பக்கத்தில் நிற்கும் சின்னம்மா, எல்லோரும் இறங்கி முடியும் வரை பொறுத்திருந்து, சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாதையில் ஏறுவார். அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காருவார். பாதை எங்கள் கரைக்குத் திரும்பும். இந்தக் கரையில் சின்னம்மா இறங்கமாட்டார். மறுபடி பாதை புறப்படும். ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் முழுவதும் என் அம்மாவும் அவருடைய ஒரே தங்கையும் இப்படி வாவியில் போய்ப் போய் வந்துகொண்டிருப்பார்கள்.

அது மிகச் சிறிய வீதி. வாவிக்குக் கிழக்கே எங்கள் எழுவான்கரையின் பெருந்தெருவிலிருந்து பிரிந்து, தென்னந்தோப்புகளைத் தாண்டித் துறைக்கு வந்து, வாவியில் மறைந்து, மேற்கே படுவான்கரையில் மீண்டும் எழுந்து வயல்களுக்குள் போகும். வரைபடத்தில் ஒரே கோடாகக் கிடக்கும். நடுவில் உள்ள தண்ணீரும் வீதிதான் என்பது அரசாங்கத்தின் எண்ணம். இப்போது அந்தத் தண்ணீரின் மேல் பாலம் நிற்கிறது. அக்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பிக்கும் நான் தினமும் காலையில் ஸ்கூட்டியில் அதைக் கடக்கிறேன். வானொலியில் தொடங்கிய பாட்டு முடிவதற்குள் கடந்துவிடலாம். அவசரமாகக் கடந்து முடித்த பிறகு, கடக்காமல் நடுவிலேயே இருந்துவிட்ட அந்தப் பின்னேரங்கள் நினைவுக்கு வரும். அன்றைய நாள் முழுவதும் சின்னம்மா என்னுடன் இருப்பார்.

எங்கள் ஊர்களில் பிள்ளை தாயின் குடியைச் சேர்ந்தது. ஒரே குடியில் பிறந்த ஆணும் பெண்ணும், முன்பின் அறியாதவர்களாக இருந்தாலும், அண்ணன் தங்கை முறை. அவர்களுக்குள் கலியாணம் கிடையாது. அம்மப்பா, அதாவது என் அம்மாவின் தகப்பனார், ஊர்க் கோயிலில் வண்ணக்கராக இருந்தவர். எந்தக் குடிக்கு எந்தநாள் திருவிழா, யார் முதலில் நிற்பது, யாருக்கு எந்த மரியாதை என்று பார்த்து நடத்தும் பொறுப்பு அவருடையது. அவருக்குப் படுவான்கரையில் வயல் இருந்தது. அறுவடைக் காலத்தில் அங்கே சின்னக் குடிசையாக வாடி போட்டுத் தங்குவார். அம்மம்மா முன்னமே இறந்துவிட்டதால் சமைத்துப்போடச் சின்னம்மாவும் கூடப் போவார். அங்கேதான் பக்கத்து வயல்காரர் ஒருவரைச் சின்னம்மாவுக்குப் பிடித்துப்போனது. விசாரித்தால் அவரும் எங்கள் குடி. கதை வெளியே வந்ததும் அம்மப்பா சின்னம்மாவை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு வேறு இடத்தில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார். ஒரு விடியற்காலை முதல் பாதையில் ஏறிச் சின்னம்மா போய்விட்டார்.

பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்து, அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவது எங்கள் வழக்கம். ஒரே வளவுக் காணிக்குள் அம்மாவுக்குக் கட்டிய வீட்டில் நாங்கள் இருந்தோம். பக்கத்தில் சின்னம்மாவுக்கென்று அம்மப்பா கட்டிய வீட்டுக்கு ஓடு போட்டு, கதவு நிலைக்குப் பூச்சும் பூசியாகிவிட்டது. குடி போக ஆள் இல்லாமல் அது பூட்டிக் கிடந்தது. கோயிலில் மற்றவர்களுக்கு முறை சொல்லும் மனிதர் தன் வீட்டில் முறை தவறிப்போனதைத் தாங்கமாட்டாமல் இருந்தார். அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப் போய்க் கற்பூரம் கொளுத்தினார்.

"இளையவள் இந்தக் கரையில கால் வைக்கப்படாது. நீ அந்தக் கரையில கால் வைக்கப்படாது. சத்தியம் பண்ணு."

அம்மா கற்பூரத்தில் கையடித்துச் சத்தியம் செய்தார். அம்மப்பாவும் வயலைக் குத்தகைக்கு விட்டார். அதன்பிறகு அவர் பாதையில் ஏறவே இல்லை.

சின்னம்மா பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கிறார் என்று தயிர் விற்க வந்த படுவான்கரைப் பெண்ணொருத்தி அம்மாவிடம் சொன்னாள். அன்று அம்மா அரிசிமா இடித்து வறுத்து, பயறு சேர்த்து உருண்டை பிடித்தார். "அடுத்த ஞாயிறு பின்னேரம் அவளத் துறைக்கு வரச் சொல்லு" என்று தயிர்க்காரியிடம் சொல்லிவிட்டார். அந்த ஞாயிறு என்னையும் கூட்டிக்கொண்டு பாதையில் ஏறினார். அக்கரையில் பலகை விழுந்தபோது நான் எழுந்தேன். அம்மா என் கையைப் பிடித்து இருத்தினார். மரத்தடியில் நின்ற சின்னம்மா அம்மா இறங்கி வருவார் என்று காத்திருந்தார். அம்மா அசையாமல் இருந்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லப் பலகையில் ஏறி வந்தார்.

"பாதையில கால் வைக்கப்படாதெண்டு அப்பா சொல்லல்லத்தானே?" என்று கேட்டார் சின்னம்மா.

"சொல்லல்ல" என்றார் அம்மா. பிறகு இருவரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். கம்பி இழுத்தவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு இழுத்தார்கள்.

இப்படித்தான் அது தொடங்கியது. ஞாயிறுதோறும் அம்மப்பா கோயிலுக்குப் போன பிறகு நாங்கள் துறைக்குப் போவோம். அவர்கள் பேசியதில் பெரிய விசயம் ஒன்றும் இருக்காது. மிளகாய் காய்ந்ததா, மாடு கன்று போட்டதா, இந்தமுறை வெள்ளாமை எப்படி என்று போகும். சின்னம்மாவுக்குச் சிரிப்பு வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு முன்பக்கம் சாய்ந்து சிரிப்பார். சேலைத் தலைப்பு தண்ணீரில் தோயும். அம்மா அதை எடுத்துப் பிழிந்துவிடுவார். வீட்டில் நான் கண்டிராத ஓர் அம்மா அந்தப் பாதையில் இருந்தார். வீட்டில் அவர் சத்தமில்லாமல் நடப்பார், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார். வாவியின் நடுவில் தங்கையின் தொடையில் அடித்துச் சிரிப்பார். எனக்குச் சத்தியம் ஒன்றும் இல்லாததால் இரண்டு கரையிலும் இறங்கி ஓடுவேன். அக்கரையில் சின்னப்பா நாவற்பழம் பறித்து வைத்திருப்பார். பின்னேரம் முழுவதும் அந்த மரத்தடியிலேயே அவர் பொறுமையாகக் காத்திருப்பார். வெயில் சாய்ந்ததும் "கடைசிப் பாதை!" என்று கத்துவார்கள். அம்மாவின் முகம் அந்தக் குரலுக்கு ஒவ்வொருமுறையும் வாடிப்போகும்.

சின்னம்மாவுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. முப்பத்தோராம் நாள் தீட்டுக் கழிந்த ஞாயிறு, அம்மா அந்தப் பிள்ளையைப் பாதையில்தான் முதன்முதல் தூக்கினார். சித்திரை வெயில். பாதையில் அப்போது கூரை இல்லை. சின்னம்மா சேலைத் தலைப்பைப் பந்தல்போலப் பிடித்துப் பிள்ளைக்கு நிழல் கொடுத்துக்கொண்டு வந்தார். எங்கள் கரையை நெருங்கியபோதுதான் துறையில் குடையுடன் நிற்பவர் அம்மப்பா என்று கண்டோம். யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்தார். பாதையை நடுவில் நிறுத்த முடியாது. பலகை விழுந்தது. சனங்கள் அம்மப்பாவுக்கு வழிவிட்டு ஒதுங்கி இறங்கினார்கள். சின்னம்மா பிள்ளையுடன் எழுந்து நின்றார். ஒரு பலகையின் நீளம்தான் இடையில் இருந்தது. அம்மப்பா மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. சேலைக்குள் சிவந்து கிடந்த பிள்ளையைப் பார்த்தார். பிறகு பாதைக்காரரைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார்.

"என்ன தம்பி இது, பச்சப் புள்ளய இந்த வெயிலுக்க கொண்டு திரியிறீங்க?"

பாதைக்காரர் திகைத்துப்போனார். "நாங்க என்ன செய்யிற பெரியவர்? பாதையில நிழல் எங்க கிடக்கு?"

அம்மப்பா திரும்பி நடந்துவிட்டார். வீட்டில் பெரிய சண்டை வரப்போகிறது என்று நானும் அம்மாவும் பயந்துகொண்டே போனோம். அவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். மறுநாள் வளவின் கடைசியில் அடுக்கி வைத்திருந்த தென்னங்கிடுகுகளையும் கமுகங்கம்புகளையும் வண்டியில் ஏற்றுவித்தார். துறையில் தானே நின்று பாதைக்குக் கூரை போடுவித்தார். கேட்டவர்களுக்கு "சனத்துக்கு நிழல் வேணும்தானே" என்று சொன்னாராம். அடுத்த ஞாயிறு அந்தக் கூரையின் கீழ் உட்கார்ந்த சின்னம்மா அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்பா கட்டினவரோ?"

"ஓம்."

"என்னப் பத்தி ஏதும் சொன்னவரோ?"

"இல்ல" என்றார் அம்மா.

அதன்பிறகு அம்மப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் வழக்கத்தைவிட நேரம் செலவழிக்கத் தொடங்கினார். எங்களுக்கு அவசரமில்லாமல் போனது. அவரும் சரி, அம்மாவும் சரி, அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

பிறகு பிரச்சினைக் காலம் என்று நாங்கள் சொல்லும் போர் வந்தது. எழுவான்கரை ஒருவர் கையிலும் படுவான்கரை இன்னொருவர் கையிலும் இருந்தது. வாவி நடுவில் எல்லையாகிவிட்டது. பாதையை இழுத்துக் கரையில் போட்டார்கள். கிடுகுகள் உக்கி விழுந்தன. துறைக்குப் போகும் வீதியில் புல் முளைத்தது. சின்னம்மா உயிருடன் இருக்கிறாரா என்பதைக் கூடச் சுற்றுவழியில் வந்தவர்கள் யாராவது சொன்னால்தான் தெரியும். அம்மா ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் செய்வதற்கு வேலை ஒன்றும் இல்லாதவர்போல வளவுக்குள் அங்குமிங்கும் நடப்பார். நான் படித்து முடித்து வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தேன். அம்மப்பா படுக்கையில் விழுந்தார். ஒருநாள் மத்தியானம் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தபோது அம்மாவின் கையைத் தடுத்துச் சொன்னார்.

"இளையவள்ட வீட்டக் கூட்டி வை."

அம்மா கோப்பையை வைத்துவிட்டு அப்போதே போய்ப் பூட்டைத் திறந்து, சிலந்திவலை அடித்து, தண்ணீர் தெளித்துக் கூட்டினார். வந்து சொன்னபோது அம்மப்பா தலையை மட்டும் அசைத்தார். அந்தக் கிழமை முடியுமுன்னே அவர் போய்விட்டார். கொள்ளி வைக்கும்போது அவருடைய இளைய மகள் வாவிக்கு அந்தப் பக்கம் இருந்தார். செய்தி அவருக்குப் போய்ச் சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

பாதை மறுபடி ஓடத் தொடங்கியபோது எஞ்சின் பூட்டியிருந்தார்கள். கூரையும் தகரமாகியிருந்தது. சின்னம்மாவின் தலைமுடி பாதி வெளுத்திருந்தது. அம்மா கண்ணீரைத் துடைத்துக்கொண்டு முதலில் சொன்னது அம்மப்பாவின் சொல்லைத்தான்.

"அப்பா உன்ட வீட்டக் கூட்டி வைக்கச் சொன்னவர். வாகா புள்ள, இனி இறங்கலாம்."

சின்னம்மா தலையை ஆட்டினார். "கூட்டி வை எண்டவர், கூப்பிடு எண்டு சொல்லல்லையே அக்கா."

எவ்வளவு சொல்லியும் அவர் இறங்கவில்லை. கோபம் இல்லை. தகப்பனின் வாயிலிருந்து வரவேண்டிய ஒரு சொல்லுக்காக அவர் காத்திருந்திருக்கிறார், அது வராமலே தகப்பன் போய்விட்டார், வேறு யாருடைய வாயிலிருந்து அது வந்தாலும் அவருக்குப் போதாது. அது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. அன்று எரிச்சலாக இருந்தது. பிரச்சினை ஓய்ந்து பாதை ஓடிய காலங்களிலெல்லாம் முன்புபோலவே ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வாவியில் போய் வந்தார்கள். பூட்டிய வீட்டைச் சின்னம்மாவின் மகளுக்குச் சீதனமாகக் கொடுப்பது என்று அம்மா முடிவுசெய்தபோது சின்னம்மா மறுக்கவில்லை. "அவள் நம்மட குடிப் புள்ள. அவளுக்குக் குடுங்க. என்னக் கேக்க வேணாம்" என்றார்.

தங்கச்சியின், அதாவது சின்னம்மா மகளின், கலியாண நாள் காலையில் நாங்கள் துறையில் நின்றோம். அம்மாவின் கையில் வெற்றிலைத் தட்டம். பாதை வந்தது. சின்னப்பா இறங்கினார், உறவுக்காரர்கள் இறங்கினார்கள். சின்னம்மா மகளின் கலியாணச் சேலை மடிப்பைச் சரிசெய்து முன்னே தள்ளினார்.

"போ மகள், பெரியம்மா நிக்கிறா. நான் இதிலயே கிறுகிறன்."

கிறுகிறன் என்றால் திரும்பிப் போகிறேன் என்று. தங்கச்சி பலகை வரை வந்தவள், திரும்பிப்போய் வாங்கில் உட்கார்ந்துகொண்டாள்.

"நீங்க இறங்கினா நான் இறங்குறன்."

"நேரம் போகுது புள்ள."

"போகட்டும்."

பாதைக்காரர் எஞ்சினை நிறுத்தினார். சின்னப்பா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். முகூர்த்தத்துக்கு இருந்த நேரம் கரைந்துகொண்டே போனது. தங்கச்சி முழங்கையை மடியில் ஊன்றிக்கொண்டு, எங்கேயும் போக வேண்டியில்லாதவள்போல வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இருப்பு அப்படியே அம்மப்பாவின் இருப்பு.

"இதென்ன புடிவாதம்? ஆர்ர குணம் இது?" என்று சின்னம்மா கத்தினார். அம்மா சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு நடுவில் அழுகையாகிவிட்டது. சின்னம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். மகளை மற்றக் கையால் பிடித்து எழுப்பினார். பலகையில் நடந்து வந்து, கடைசியில் ஒரு கணம் நின்று, எங்கள் கரை மணலில் காலை வைத்தார். செருப்பைக் கையில் பிடித்தபடியே வீடு வரை நடந்தார். தனக்கென்று கட்டிய வீட்டின் ஒவ்வோர் அறைக்குள்ளும் போய் வந்தார். கதவு நிலையைக் கையால் தடவினார். பிறகு அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார், "இஞ்ச கிணத்துத் தண்ணி எப்பிடி, உப்போ?" அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். நான்தான் "நல்ல தண்ணி சின்னம்மா" என்றேன்.

அதன்பிறகு சின்னம்மா நினைத்த நேரம் வந்துபோனார். பேரப்பிள்ளைகளைக் குளிப்பாட்டினார், எங்கள் குசினியில் சமைத்தார். ஆனால் அம்மா படுவான்கரையில் கால் வைக்கவில்லை. சின்னம்மா கூப்பிட்டால், "அப்பாட்டக் கேட்டுட்டு வாறன்" என்று சிரித்து மழுப்புவார். அம்மப்பா இளைய மகளின் வீட்டைப் பற்றித்தான் சொன்னார், மூத்த மகளின் சத்தியத்தைப் பற்றி ஒன்றும் சொல்லிவிட்டுப் போகவில்லை. பாலம் கட்டி முடிந்தது. ஊரே திரண்டு அதில் நடந்து பார்த்தது. அம்மா பாதிவரை வந்துவிட்டு, "கால் நோகுது" என்று திரும்பிவிட்டார். பாதையை எங்கோ கொண்டுபோய்விட்டார்கள்.

போன வருடம் சின்னம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் மகளின் வீட்டுக்கு வரமாட்டேன் என்று தன் வீட்டுக்கே போய்ப் படுத்துக்கொண்டார். சில நாட்களில் அங்கிருந்து தங்கச்சி ஓடி வந்தாள்.

"பெரியம்மா, அம்மா உங்களக் கேக்கிறா."

அம்மா கையிலிருந்த அகப்பையை வைத்தார். சாமியறைக்குப் போய் அம்மப்பாவின் படத்துக்கு முன்னால் நின்றார். "அப்பா, நான் போறன்" என்றார். போகட்டுமா என்று கேட்கவில்லை. ஓட்டோவில் பாலத்தைக் கடக்கும்போது என் கையை விடாமல் பிடித்திருந்தார். சின்னம்மாவின் வளவு வாசலில், கடப்படியில் குறுக்கே கிடந்த கம்புகளை விலக்கி வழி விட்டுக்கொண்டு சின்னப்பா நின்றார். "வாங்கக்கா" என்று அவர் சொல்லியும் அம்மாவின் கால் எழவில்லை.

உள்ளேயிருந்து மெலிந்த குரல் கேட்டது. "ஆர் அங்க?"

"அக்கா வந்திருக்கா" என்றார் சின்னப்பா.

"பொய் சொல்லாதீங்க."

"பொய்யில்லகா, நான்தான்!" என்று கத்திக்கொண்டே அம்மா கடப்பைத் தாண்டி உள்ளே போனார்.

சின்னம்மா பாதியாகச் சுருங்கிப் போயிருந்தார். அம்மா அவருடைய நெற்றியைத் தடவினார், காலைப் பிடித்துவிட்டார், பிறகு எழுந்து குசினிக்குப் போனார். நான் பின்னால் போனேன். யாரிடமும் எதையும் கேட்காமல் அம்மா அடுப்பு மூட்டினார். நீலத் தகரத்திலிருந்து தேயிலை எடுத்தார். பரணில் எட்டிச் சீனிப் போத்தலை எடுத்தார். பின்கதவின் தாழ்ப்பாள் இறுகியிருந்தது, அதை ஒரு பக்கமாகத் தூக்கித் திறந்தார். நான் ஆச்சரியத்துடன் பார்ப்பதைக் கண்டு, "எல்லாம் அவள் சொன்னதுதான்" என்றார். அத்தனை வருட ஞாயிற்றுக்கிழமைகளிலும் கண்ணால் பார்க்காத அந்த வீட்டுக்குள் அம்மா நடமாடித் திரிந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

தேத்தண்ணி குடித்து, பழைய கதைகள் பேசி, சின்னம்மா களைத்துக் கண் மூடினார். வெளியே வெயில் சாய்ந்திருந்தது. "போவமா அம்மா?" என்றேன். பழக்கத்தில் அம்மா சட்டென்று எழுந்து சேலையை உதறினார். சின்னம்மா கண்ணைத் திறந்தார்.

"அக்கா, இப்ப கடைசிப் பாதை எண்டு ஒண்டு இல்லத்தானே?"

அம்மா உதறிய சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். "இல்லத்தான்."

"அப்ப இரன்."

அம்மா கட்டிலில் தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "நீ போ மகள். நாளைக்கு என்ட உடுப்பு நாலஞ்சக் குடுத்து விடு" என்றார். நான் தனியே பாலத்தைக் கடந்து வந்தேன். மாரி மழை வாவியை நிறைத்த நாட்களில் சின்னம்மா அம்மாவின் மடியில் தலை வைத்தபடி போய்ச் சேர்ந்தார். அதுவரைக்கும் அம்மா எங்கள் கரைக்குத் திரும்பி வரவில்லை.